ஊசித் திகதி தவறினால் வீடு தேடி வருபவர்

இம்முறை வெளிநாட்டிலிருந்து போய் ஊரில் நின்ற நாள்களில் கோயில், கலியாண வீடுகளை விட சின்னம்மாவின் மகனோடுதான் கூட நேரம் இருந்தேன். முல்லைத்தீவு மாவட்டம், பரந்தன் வீதியிலிருந்து நல்லா உள்ளே தள்ளிய கிராமம். தம்பிக்கு மனச்சிதைவு நோய். 2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோதுதான் வெளியே தெரிந்தது. மருந்தும் அங்கேதான் தொடங்கியது.

இப்போது நாலு கிழமைக்கு ஒருக்கா பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்கில் ஊசி போடுகிறார். எண்ணெயில் கரைத்த மருந்து; தசையில் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கும். அதனால் ஒரு ஊசி தவறினாலும் உடனே ஒன்றும் தெரியாது. 'ஊசி இல்லாமலும் ஆள் சுகமாத்தானே இருக்கிறான்' என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். கொஞ்சக் காலம் கழித்து நித்திரை குறையும், பிறகு சந்தேகம், பிறகு சாப்பாட்டில் நஞ்சு என்ற பேச்சு. ஆள் நல்லாயிருக்கிற அந்த இடைவெளியில் யாராவது வந்து கூப்பிட்டால்தான் உண்டு.

2022இல் பெற்றோலும் டீசலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. தம்பிக்கு ஊசி தவறி, இரவில் வீட்டைவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். சின்னம்மா முதலில் போனது மந்திரித்துப் பார்வை பார்க்கிற ஒருவரிடம். கிளினிக் பதிவில் வராதவர்களைப் பார்த்துத் தேடி வந்த உளநல உதவியாளர்தான் திரும்பக் கூட்டிப் போனார். இம்முறை அவர் வந்தபோது நானும் வீட்டில் நின்றேன்.

"தம்பி, நித்திரை எப்பிடி? வயலுக்குப் போறீங்களோ?"

ஏன் வரேல்லை என்று ஒரு கேள்வி இல்லை. பிறகு குசினிக்குள் போய்ச் சின்னம்மாவோடு நெடுநேரம் கதைத்தார்: நுண்கடன் தவணை, அவவின் நித்திரை, தம்பியின் உடம்பு பெருப்பது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் 'உடம்பு வைக்குது, ஊசியை நிற்பாட்டு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை உதவியாளர் மறுத்துப் பேசவில்லை; உடம்பு வைப்பது உண்மை, அதை டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிப் பார்க்கலாம், தானாக நிற்பாட்டக்கூடாது என்றார்.

2005இல் வந்த உளநலக் கொள்கை, கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடையிலுள்ள மனநல வைத்தியசாலையையே நம்பியிருந்த நாட்டில் மாவட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் இந்தச் சேவையைக் கொண்டுபோகச் சொன்னது. அதன் பலனை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். ஆனால் இந்த உதவியாளருக்கு நிரந்தர நியமனம் இல்லை, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் சொந்தக் காசு. எனக்கு இது தாங்கவில்லை. கோயில் கோபுரத்துக்கும் பாடசாலை வளைவுக்கும் நாங்கள் அனுப்புகிறோம். இவர்களின் போக்குவரத்துச் செலவுக்கு ஊர்ச் சங்கம் ஒன்று மாதாமாதம் கொடுத்தால் எத்தனையோ பேர் மருந்தை விடாமல் இருப்பார்கள். எங்கள் சங்கத்தில் இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

ஊருக்குப் போகிறவர்கள் உறவினரின் கிளினிக் கொப்பியை ஒருக்கா வாங்கிப் பாருங்கள். அடுத்த திகதி அதில் இருக்கும். அந்த நாளில் இங்கிருந்து ஒரு கோல் எடுக்கலாம். அவசரமென்றால் இலங்கைக்குள் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.