பிரம்புக் கதிரை எடுக்கலாமா?

கல்முனையில் இருக்கும் மச்சாள் போன் எடுத்துக் கேட்டாள்: "பிரம்பு செற் ஒன்று விலை குறைச்சுப் போட்டிருக்காங்க, எடுக்கட்டா? நீங்க வச்சிருக்கீங்கதானே." கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் கதிரைகளின் கால்கட்டு இப்போதுதான் திருத்தி வந்திருக்கிறது, காசு கொடுத்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இருக்கும் சுகத்தில் ஒரு குறையும் இல்லை. கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று அடிக்கும் மே, யூன் மாதங்களில் குஷன் சோபாவில் முதுகு அவிந்துபோகும். பிரம்பில் காற்று ஊடுருவிப் போகும். ஒற்றைக் கையால் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டுக்கொள்ளலாம்.

என் கோபமெல்லாம் அந்தப் பின்னலோடுதான். எங்கள் வீடு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கச்சானுக்குப் பறக்கிற தூசி பின்னல் கண்களுக்குள் போய்க் குடியிருக்கும். துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே போகும். காய்ந்த பெயின்ட் பிரஷால் பின்னல் போகிற வழியிலேயே தட்டி எடுக்க வேண்டும், மூலைகளுக்குப் பழைய பல்லு பிரஷ். விட்டுவைத்தால், நவம்பரில் மாரி தொடங்கியதும் அதே தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணம் பூக்கும். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, காற்றுப்படுகிற இடத்தில் காயவிடுவேன். பத்து நாள் மழை பெய்தால் எங்கே காய்வது? உப்புக் காற்றுக்குச் சின்ன ஆணிகள் வேறு துருப்பிடித்து, பிரம்பில் மண்ணிறக் கறை இறங்கும். அந்தக் கறை லேசில் போகாது.

விற்ற கடைக்காரர் "தண்ணி ஊத்திக் கழுவலாம், ஒன்றும் செய்யாது" என்றார். பிளாஸ்டிக் பின்னலுக்கு அது சரி. உண்மையான பிரம்பை அப்படி ஊறவிட்டால் கட்டு இளகி, ஒட்டும் விட்டுப்போகும்.

ஆனால் ஒரு விஷயத்துக்காக இதை மன்னிக்கலாம். இருக்கை தொய்ந்து குழி விழுந்திருந்தது. கதிரையைக் கவிழ்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் போட்டு ஊறவிட்டேன். மேல்பக்கம் பிரம்பின் மினுங்கும் தோல், தண்ணீர் குடிக்காது. அடிப்பக்கம்தான் குடிக்கும். இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் விரலால் தட்டினால் உடுக்குத் தட்டிய மாதிரிச் சத்தம்! நார் காயும்போது சுருங்கி இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அறுந்த நார் இருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது. எந்த மரக் கதிரை இப்படித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்?

சரி, மச்சாளுக்கு என்ன சொன்னேன்? வேண்டாம் என்றுதான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், வேலைக்கும் போகிறாள், பிரஷும் கையுமாக இருக்க அவளுக்கு ஏது நேரம்? அப்போ உங்கட செற்றை எனக்குத் தாங்களேன் என்றாள். அது நடக்காது.

எடுத்தே தீருவேன் என்று நிற்பவர்கள் கடையிலேயே கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கமும் வெட்டுமுனைகளும் வார்னிஷ் இல்லாமல் பச்சையாக இருந்தால், துளைக்கும் வண்டு முட்டையிட அந்த இடமே போதும். காலடியில் மா கொட்டினமாதிரி மெல்லிய தூள் கிடந்தால் அது ஏற்கெனவே உளுக்கத் தொடங்கிய சாமான், விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள்.