இரண்டாகப் பிளந்த இசைத்தட்டு: சன்னி ரோலின்ஸின் ‘வே அவுட் வெஸ்ட்’

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸின் பதிவுகளில் எதை முதலில் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான் இது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ‘வே அவுட் வெஸ்ட்’ ஸ்டீரியோ தட்டுடன் வாழ்ந்து வருபவனிடம், அதுவும் ஆம்ப்ளிஃபையரில் இடது, வலது என்ற இரு சேனல்களில் ஒன்று அண்மையில் செத்துப்போய், பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கும் வேளையில் கேட்டதால், பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

அடிப்படை விவரங்கள் பலருக்கும் தெரிந்தவைதான். 1957 மார்ச் 7 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் கான்டெம்பரரி இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான தட்டு இது. ரோலின்ஸுக்கு அப்போது வயது 26. டெனார் சாக்ஸபோனில் அவர், பாஸில் ரே பிரவுன், டிரம்ஸில் ஷெல்லி மான் என மூவர் மட்டுமே இதில் வாசித்திருக்கிறார்கள். மூவருக்கும் வேறு வேலைகள் நெருக்கியதால், பதிவு அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கியது. பியானோ கிடையாது. கார்டுகளை, அதாவது பாட்டைத் தாங்கும் சுரக்கூட்டுகளை, விரித்துக் காட்ட ஆள் இல்லாத நிலையில், வயலின் பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் முழுக் கச்சேரி செய்ய உட்காருவதைப் போன்ற துணிச்சல் அது. மொஹாவே பாலைவனத்தில் வில்லியம் கிளாக்ஸ்டன் எடுத்த அட்டைப்படத்தில், கௌபாய் தொப்பியும் இடுப்பில் துப்பாக்கி உறையுமாக, கையில் சாக்ஸபோனுடன் ரோலின்ஸ் நிற்கிறார். சிறுவயதில் பார்த்த கௌபாய் படங்களின் மீது அவருக்கு இருந்த பிரியம் அட்டையோடு நிற்காமல், ‘ஐ’ம் அன் ஓல்ட் கௌஹேண்ட்’, ‘வேகன் வீல்ஸ்’ ஆகிய பாடல்களைத் தேர்ந்தெடுப்பது வரை சென்றது.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். ஸ்டீரியோ பதிப்பில் சாக்ஸபோன் முழுவதும் ஒரு பக்கத்திலும், பாஸும் டிரம்ஸும் முழுவதும் மறுபக்கத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் யாருமே இல்லை. நல்ல அறையில், சரியான இடைவெளியில் வைத்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே அமர்ந்து கேட்டால், ஒரு மூலையில் ஒருவரும் எதிர் மூலையில் இருவரும் நின்று வாசிக்கிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஹெட்போனில் அந்தச் சமாதானம் எடுபடாது. ஒரு காதுக்குள் ரோலின்ஸ் ஊதிக்கொண்டிருக்க, மறு காதுக்குள் ஷெல்லி மான் மரக்கட்டையைத் தட்டிக் குதிரைக் குளம்பொலி எழுப்பிக்கொண்டிருப்பார். முதல் பாட்டு முடிவதற்குள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதைப் போன்ற உணர்வு வரும்.

இந்தத் தொல்லைக்குத் தெளிவான காரணம் உண்டு. ஒரு ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒலி அருகிலுள்ள காதை அடைந்த பிறகு, ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான தாமதத்தில், தலையின் தடுப்பால் சற்று மங்கி, மறு காதையும் எட்டிவிடுகிறது. அந்தச் சிறு தாமதத்தையும் மங்கலையும் வைத்துத்தான் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மூளை கணக்கிடுகிறது. ஹெட்போன் இந்தப் பரிமாற்றத்தை அடியோடு துண்டித்துவிடுகிறது. அதிலும் பாஸின் நிலை மிக மோசம். தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை தலை அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதால், அவை அன்றாட வாழ்க்கையில் இரு காதுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் அடைகின்றன. ஒரு காதில் மட்டும் ஒலிக்கும் பாஸ் இயற்கையில் காணக்கிடைக்காத ஒன்று. ரே பிரவுனைப் போன்ற பெருங்கலைஞரின் வாசிப்பை அப்படிக் கேட்க நேர்வது அவருக்கும் மரியாதையில்லை, கேட்பவருக்கும் சுகமில்லை.

நியாயமாகப் பேசினால், பதிவுப் பொறியாளர் ராய் டுனானைக் குறை சொல்ல முடியாது. அந்த அமர்வு நடந்த காலத்தில் ஸ்டீரியோ இசைத்தட்டுகளே கடைகளுக்கு வந்திருக்கவில்லை. அவை 1958இல்தான் பரவலாக விற்பனைக்கு வந்தன. காஸ் நிறுவனத்தின் ஸ்டீரியோ ஹெட்போனும் அதே ஆண்டில்தான் வந்தது. தமது பதிவை எதிர்காலத்தில் யாரோ ஒருவர் காதுக்குள் திணித்துக்கொண்டு ரயிலில் கேட்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்க வழியில்லை. ஒலிப்பதிவுக்கூடம் என்று சொல்லப்படும் இடம் உண்மையில் நிறுவனத்தின் சரக்குகளைக் கட்டி அனுப்பும் அறைதான். அந்த அறையில் அவர் பிடித்த ஒலியின் தரத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாக்ஸபோனின் ஊதுவாயிலுள்ள ரீடு என்ற மெல்லிய தகட்டில் காற்று உரசுவதும், சிம்பலின் ஓசை எழுந்து தேய்ந்து அடங்குவதும், பாஸ் கம்பி விரலை விட்டு விடுபடும் கணமும் அத்தனை துலக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கழித்து வந்த எத்தனையோ பதிவுகளை இதன் அருகில் வைக்கவே கூசும். இவ்வளவு அருமையாகப் பிடித்த ஒலியை இப்படியா பங்கு பிரிப்பது என்பதுதான் என் கோபம்.

இந்தக் கோபத்தோடு நான் இருந்த வேளையில்தான் ஆம்ப்ளிஃபையரின் ஒரு சேனல் செத்துப்போனது. பழுது பார்ப்பவர் உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்கச் சொன்னார். அதுவரை மற்ற தட்டுகளையெல்லாம் அரைகுறையாகக் கேட்க வேண்டியிருந்தது. ‘வே அவுட் வெஸ்ட்’ மட்டும் வேறொரு தட்டாக மாறிப்போனது. உயிரோடிருந்த சேனலில் ரே பிரவுனும் ஷெல்லி மானும் மட்டுமே ஒலித்தார்கள். ரோலின்ஸ் அறைக்குள் கசிந்த ஒலியாகத் தொலைவில் இருந்தார். சாக்ஸபோனின் பின்னால் ஓடும் தாளம் என்றே இதுவரை கேட்டுவந்த அந்த இருவர், தங்களுக்குள் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் துலங்கியது. ‘கௌஹேண்ட்’ பாட்டில் மானின் குளம்பொலி வெறும் வேடிக்கை அல்ல. அதை எப்போது நிறுத்துவது, எப்போது சிம்பலுக்கு மாறுவது, எப்போது மீண்டும் மரக்கட்டைக்கு வருவது என்பதில் ஒரு கதாசிரியருக்குரிய கணக்கு இருக்கிறது. பிரவுனோ ஒரு சுரத்தைக்கூட வீணாக்குவதில்லை. பியானோ இல்லாத இடத்தில் பாட்டின் கார்டு ஓட்டம் முழுவதையும் அவர் ஒருவரே நான்கு கம்பிகளில் சுமந்து செல்கிறார்.

பிறகு கேபிள்களை மாற்றிச் செருகினேன். இப்போது ரோலின்ஸ் தனியே நின்றார். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் ‘சாலிட்யூட்’ பாட்டை அவ்வாறு கேட்டது இந்தத் தட்டு எனக்குத் தந்த மிகப் பெரிய பரிசு. துணை ஏதுமின்றி ஒலிக்கும்போதும் அந்த வாசிப்பில் தாளம் கெடுவதில்லை, கார்டுகளின் திசை தவறுவதில்லை. ஒரு சொற்றொடரை முடித்துவிட்டு அவர் விடும் இடைவெளிகள், பின்னணியோடு சேர்த்துக் கேட்டபோது வெறும் மூச்சு வாங்கல்களாகத் தோன்றின. தனியே கேட்டபோது ஒவ்வொன்றும் அடுத்து வருவதற்கான தயாரிப்பு என்று புரிந்தது. ‘கம், கான்’ என்ற அவரது சொந்த இயற்றலில், ‘ஆஃப்டர் யூ’வ் கான்’ என்ற பழைய பாட்டின் கார்டுகளின் மீது அவர் பாயும் வேகத்திலும், ஒரு சிறு துண்டைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பியும் நீட்டியும் முறித்தும் பார்க்கும் பழக்கத்தை விடுவதில்லை.

இந்தப் பழக்கத்தை முழுமையாக அறிய விரும்புவோர் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ தட்டுக்குச் செல்ல வேண்டும். 1956 ஜூன் 22 அன்று, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் வைத்துப் பதிவுசெய்தது. அதிலுள்ள ‘புளூ 7’ பாட்டில் ரோலின்ஸ் ஒரு சிறு கருவை எடுத்து எப்படிக் கட்டியெழுப்புகிறார் என்பதை இசையமைப்பாளரும் விமர்சகருமான கந்தர் ஷுல்லர் 1958இல் நீண்ட கட்டுரையாகவே எழுதினார். ‘செயின்ட் தாமஸ்’ பாட்டில் மேக்ஸ் ரோச் அடிக்கும் டிரம்ஸைக் கேட்டு எழுந்து ஆடாதவர் யாரும் இருந்தால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அது மோனோ பதிவு, இரு பக்கமும் ஒரே ஒலிதான். வாசித்த நால்வரும் நடுவில் ஒன்றாக நிற்கிறார்கள், ஹெட்போனிலும் யாரும் காதைப் பங்கு போட்டுக்கொள்வதில்லை.

‘எ நைட் அட் த வில்லேஜ் வேன்கார்ட்’ பற்றியும் சொல்ல வேண்டும். 1957 நவம்பர் 3 அன்று, நியூயார்க்கின் செவன்த் அவென்யூ நிலவறை கிளப்பில், அதே வான் கெல்டர் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தது. இதுவும் பியானோ இல்லாத மூவர் குழுதான். இரவு அமர்வில் பாஸில் வில்பர் வேர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். லாஸ் ஏஞ்சலிஸில் ரோலின்ஸ் நகைச்சுவையோடு நிதானமாக நடந்தார் என்றால், இங்கே கையில் கத்தியுடன் நிற்கிறார். ‘சாஃப்ட்லி அஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்’ பாட்டில் எல்வின் ஜோன்ஸ் பின்னிருந்து தள்ளிக்கொண்டே இருக்க, ரோலின்ஸ் ஓரடியும் விட்டுக்கொடுப்பதில்லை. 1959 முதல் 1961 வரை மேடைகளைத் துறந்து நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் தனியே சாதகம் செய்தபின் வந்த ‘த பிரிட்ஜ்’ தட்டில் ஜிம் ஹாலின் கிட்டார் மிக அழகு. ஆனால் பாலத்தின் கதை அளவுக்கு அந்தத் தட்டு என்னை ஆட்கொண்டதில்லை.

‘வே அவுட் வெஸ்ட்’ தொல்லைக்கு மருந்து உண்டா என்றால், உண்டு. பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் மோனோ பொத்தான் இருக்கும். கைபேசிகளிலும் அணுகல் வசதிக்கான அமைப்புகளில் மோனோ ஒலி என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் மூவரும் நடுவில் வந்து சேர்ந்துவிடுவார்கள், தலைச்சாய்வு உடனே நின்றுவிடும். ஆனால் சிம்பலைச் சுற்றியிருந்த காற்றோட்டம் குறைந்து, அறை சற்றுச் சுருங்கிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஆம்ப்ளிஃபையர் திரும்பி வந்தபின் சில நாள் மோனோவில் கேட்டுவிட்டு, பொத்தானை மீண்டும் எடுத்துவிட்டேன். ஸ்டீரியோவில் வைத்துத் திட்டிக்கொண்டே கேட்பதுதான் எனக்கு ஒத்துவருகிறது.

நண்பருக்கான பதில் இதோ. ரயிலில் ஹெட்போனில் கேட்கும் உங்களுக்கு ‘வே அவுட் வெஸ்ட்’ ஸ்டீரியோ தட்டு வேண்டவே வேண்டாம். விலை குறைந்திருக்கிறது, அட்டை அழகாக இருக்கிறது, ஒலி அற்புதம் என்று யார் சொன்னாலும், நானே மேலே சொல்லியிருந்தாலும், வாங்காதீர்கள். ‘வேன்கார்ட்’ தட்டை வாங்குங்கள். ‘வே அவுட் வெஸ்ட்’ தட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண்தான் தருவேன், அந்த அரையும் ஷெல்லி மானுக்காக. கேட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று என்னுடைய பிரதியைக் கடன் கேட்க வேண்டாம், அதைத் தருவதாக இல்லை.