ஸ்டீயரிங் ஹெவியா? ராக்கை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

ஒன்பது வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். பவர் ஸ்டீயரிங் இருந்தும் பார்க்கிங்கில் இரண்டு கையாலும் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. போனட்டின் இடப்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம் வேறு. ஒர்க்‌ஷாப்பில் எதையும் கழற்றிப் பார்க்காமல் "ராக் போயிடுச்சு" என்றார்கள். ராக் என்றால் ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கி முன்சக்கரங்களைத் திருப்பும் பகுதி. ராக் அசெம்பிளி, இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை), கூலி எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய் பில். வண்டி வெளியே வந்தது, கனம் மட்டும் குறையவில்லை. கேட்டதற்கு, "புது ராக் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா ஃப்ரீ ஆயிடும்" என்று பதில். இது பச்சைப் பொய். நல்ல ராக் மாட்டிய அன்றே லேசாகத் திரும்பும்.

உண்மையில் போயிருந்தது ஸ்ட்ரட் பேரிங், அதாவது முன்பக்க ஷாக் அப்சார்பரான ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங். மேலே இருக்க வேண்டிய ரப்பர் மூடி இல்லாததால் மழைத் தண்ணீர் இறங்கி, இரண்டு பக்கமும் துருவேறி இறுகிவிட்டது. ஆல்டோ, வேகன்ஆர், ஐ10 போன்ற கார்களில் முன்சக்கரம் திரும்பும்போது ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் கூடவே திரும்பும். வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டு அதற்கு வழிவிடுவது இந்த பேரிங்தான். அது இறுகினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் விடுபட்டுத் துள்ளும். அந்த 'டங்' சத்தம் அதுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். முதலில் டயரில் காற்று சரியா என்று பாருங்கள். மீட்டரில் உள்ள இபிஎஸ் (மின்சார பவர் ஸ்டீயரிங்) விளக்கு சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு மின்சாரப் பக்கம். ஸ்கேன் செய்யாமல் எதையும் கழற்ற விடாதீர்கள். அணைந்தால், வண்டி தரையிலேயே நிற்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்ட்ரட்டின் தலையில் கை வைத்துப் பார்க்கட்டும். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே விரலை விடக்கூடாது. சீராகச் சுழலாமல் துள்ளினால் பேரிங்தான். ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் எடை இறங்கிவிடும், கோளாறு ஒளிந்துகொள்ளும்.

அப்போதும் பிடிபடவில்லையா? ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனைதான் டை ராட் எண்ட். இரண்டையும் நக்கிளிலிருந்து (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) கழற்றச் சொல்லுங்கள். இப்போது சக்கரத்தைக் கையால் திருப்பினால் கனமா? ஸ்ட்ரட் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டு). சக்கரம் லேசு, ஸ்டீயரிங் கனமா? ராக் அல்லது ஸ்டீயரிங் காலம் (column, ஸ்டீயரிங்கிலிருந்து ராக்குக்குப் போகும் தண்டு) ஜாயின்ட். ராக்கின் மேல் இருக்கும் ஜாயின்ட்டின் போல்ட்டைக் கழற்றினால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். ஏர்பேக் உள்ள வண்டியில் அதைக் கழற்றிய பிறகு ஸ்டீயரிங்கைச் சுற்ற விடவே கூடாது, உள்ளே இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் ஒயர்) அறுந்துவிடும். சக்கரத்தை நேராக வைத்துக் குறி போட்டுவிட்டுக் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங் காலத்தைக் கையால் லேசாக அசைத்துப் பார்த்தாலே போதும், அப்போதும் கனமென்றால் காலம் ஜாயின்ட், லேசென்றால் ராக்.

லோயர் ஆர்ம் விற்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். லிவர் போட்டு நெம்பி, "புஷ் ஆடுது பாருங்க" என்பார்கள். புஷ் என்பது ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர். ரப்பர் என்றால் கொஞ்சம் அசையத்தான் செய்யும். கிழிந்திருக்கிறதா, இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பால் ஜாயின்ட்டுக்குச் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் பால் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம்.

இந்த வண்டியில் அந்த ஒர்க்ஷாப் செய்த வேலையும் படுமோசம். ஒரு டை ராட் எண்டில், நட் கழலாமல் பூட்டி வைக்கும் ஸ்பிலிட் பின்னே இல்லை. நட் கழன்று விழுந்திருந்தால் அந்தச் சக்கரம் ஓட்டத்திலேயே தன்னிஷ்டத்துக்குத் திரும்பியிருக்கும். உயிரோடு விளையாடுகிற காரியம். ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டதால் புது புஷ் இரண்டே மாதத்தில் கிழிந்துவிட்டது. வண்டியைத் தரையில் இறக்கி எடை வந்த பிறகுதான் கடைசி முறுக்கு. சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட்டும் பார்க்கவில்லை, முன் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்துபோனது.

ஸ்ட்ரட் பேரிங் சில நூறு ரூபாய்ச் சாமான். கூலி தனி, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி, விரலால் சுற்றிப் பாருங்கள்.