பவர்டாப்: ஒரே மாதிரி சர்வர், ஆளுக்கொரு கரண்ட் கணக்கு

ஒரே மாடல் சர்வர் இரண்டு, ஒரே லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), இரண்டும் சும்மாதான் கிடக்கின்றன, ஆனாலும் ஒன்று மட்டும் அதிகமாகக் கரண்ட் இழுக்கிறது என்றால் நான் முதலில் ஓடவிடுவது இன்டெல் 2007இல் வெளியிட்ட பவர்டாப்தான், கரண்ட் எங்கே போகிறது என்று காட்டும் லினக்ஸ் கருவி. இலவசம். பிராசஸர் சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்று காட்டும் 'ஐடில் ஸ்டாட்ஸ்' பக்கத்தை இரண்டிலும் திறந்து அருகருகே வைத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்: ஒன்றில் பிராசஸர் சி6 வரை இறங்கித் தூங்கும், மற்றது சி1ஐத் தாண்டவே தாண்டாது (இவைதான் சி-ஸ்டேட்டுகள், அதாவது தூக்க நிலைகள்; எண் கூடக் கூடத் தூக்கம் ஆழம், கரண்ட் குறைவு). யாரோ பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில்) 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் (எப்போதும் அந்த யாரோதான்), இல்லையென்றால் கெர்னலை பூட் செய்யும்போதே சி-ஸ்டேட்டுக்கு வரம்பு போட்டிருப்பார்கள். ஏதோ ஒரு பிசிஐஇ கார்டுக்கு (மதர்போர்டில் செருகும் கார்டு) ஏஎஸ்பிஎம், அதாவது அந்த இணைப்பின் கரண்ட் சேமிப்பு, அணைந்திருந்தாலும் கரண்ட் கூடும்.

வாட் கணக்குக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், பேட்டரி இல்லாத சர்வரில் அது சரிப்படாது. அதற்கு டர்போஸ்டாட் என்ற இன்னொரு லினக்ஸ் கருவி மேல். ஆனால் அதுவும் பிராசஸர் பக்கத்தைத்தான் காட்டும். ஃபேன் வேகமும் பவர் சப்ளை இழப்பும் அதில் வராது, ஐபிஎம்ஐ (சர்வரிலேயே உள்ள கண்காணிப்பு வசதி) சென்சாரையோ பிளக்கில் மாட்டும் மீட்டரையோதான் பார்க்க வேண்டும். அப்புறம் பவர்டாப்பின் அந்த ஆட்டோ-டியூன், அதாவது கரண்ட் சேமிப்பு அமைப்புகளை எல்லாம் ஒரே அடியாக இயக்கிவிடும் வசதி! கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் யுஎஸ்பி கீபோர்டு தூங்கிவிடலாம், ரீபூட் செய்தால் மாற்றியதெல்லாம் போய்விடும்.