சேமிப்பக நிறுவல் திட்டம்: எக்செல் தாளா, இணையப் படிவமா?

பெரிய தரவுச் சேமிப்பகத்தை நிறுவுமுன் வாடிக்கையாளரிடம் விவரம் திரட்ட எது சரி என்று பல குழுக்கள் தயங்குகின்றன.

செலவு
தாள்: இன்றே தொடங்கலாம்.
படிவம்: உருவாக்கவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும்.

பிழை
தாள்: ஃபைபர் சேனல் போர்ட்டின் (சர்வரைச் சேமிப்பகத்தோடு இணைக்கும் அதிவேக வலையின் இணைப்பு முனை) அடையாள எண்ணுக்கு 16 பதினறும (0–9, A–F) இலக்கங்கள். அவை எழுத்தே கலவாமல் எண்களாகவே அமைந்து, தாளின் கலம் (செல்) உரை வடிவில் இல்லாவிட்டால், எக்செல் 15 இலக்கங்களை மட்டும் காத்து, கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். எண் தவறானதால், பொறியாளர் நிறுவ வந்த நாளில் சர்வருக்குச் சேமிப்பகத்தின் டிஸ்க் தெரியாது. எவ்வளவு வீண் அலைச்சல்!
படிவம்: 16 இலக்கமும் சரியாக இல்லாமல் நகரவிடாது.

பதிப்பு
தாள்: மின்னஞ்சலில் பல பிரதிகளாகப் பிரியும்.
படிவம்: ஒரே பதிவு.

எளிமை
தாள்: இணையமில்லாத சர்வர் அறையிலும் நிரப்பலாம்.
படிவம்: இணைப்பு வேண்டும்.

ஆண்டுக்குச் சில நிறுவல்கள்தான் என்றால் தாளே போதும். கலங்களை உரை வடிவுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். பல ஊர்களில், பல குழுக்கள் நிறுவுகின்றன என்றால் தயங்காமல் படிவத்துக்கு மாறுங்கள். எதுவானாலும் ரேக்கின் (சாதனங்களை அடுக்கும் சட்டம்) மின்பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருப்பது சி13 சாக்கெட்டா, அதைவிடப் பெரிய சி19 சாக்கெட்டா என்பதில் வாடிக்கையாளரின் நினைவை நம்ப முடியாது.