ஃபைகஸ் போன்சாய்: மரம் அருமை, சட்டிக்குள் இருப்பதுதான் வில்லங்கம்

புது வீட்டுக்குக் குடிபோகும் நண்பர், ஹாலில் வைக்க ஒரு ஃபைகஸ் போன்சாய் (சட்டியில் குட்டையாக வளர்க்கும் ஆல் இனத்து மரம்) வாங்கலாமா என்று கேட்டார். சென்னை அடுக்குமாடி வீட்டில் சில வருடங்களாக நான் வளர்த்து வருவது, நர்சரிகளில் 'ஜின்செங்' என்று விற்கும் வகை. அடிப்பகுதி கிழங்கு மாதிரி பருத்திருக்குமே, அதுதான்.

மரத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோபமெல்லாம் அதை நட்டுத் தரும் தென்னை நார்த்தூள் மீதுதான். எடை குறைவு என்பதால் ஏற்றி இறக்க விற்பவருக்கு வசதி. போதாததற்கு மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கக்கூட வழியில்லை.

கோடையில் நார்த்தூள் காய்ந்து சுருங்கும், சட்டி ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றுகிற தண்ணீர் அந்த வழியாக ஓடி அடித்துளையில் வந்துவிடும். பார்த்தால் நன்றாக நனைந்தது போலிருக்கும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் சட்டியை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி நிற்கும் வரை வைத்திருக்க வேண்டியிருந்தது. ஐப்பசி அடைமழையிலோ அதே நார்த்தூள் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் வாங்கிய இரண்டாவது மரம் அப்படித்தான் வேர் அழுகிப் போனது. நல்ல விலை கொடுத்து வாங்கியது, இன்னும் ஆறவில்லை.

முதல் மரத்தைப் பங்குனியில் வெளியே எடுத்து, நார்த்தூளை உதறி, வேரைக் கொஞ்சம் கத்தரித்து, சலித்த செங்கல் சல்லி, பருமணல், சிறிது மண்புழு உரம் கலந்து நட்டேன். அதன்பிறகு வேறு மரம் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் தங்குவதில்லை. வெயில் காலத்தில் தினமும் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த வருட மழையில் கிளையிலிருந்து நூல் மாதிரி விழுதுகள் இறங்கின! ஆலமரத்தின் சொந்தம் என்று படித்திருந்தாலும், வீட்டுக்குள் ஒரு சின்னச் சட்டியில் விழுது விடும் என்று நான் நினைக்கவே இல்லை. மார்கழியில் வளர்ச்சி மந்தமாகும், தண்ணீரைக் குறைத்தால் போதும்.

ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் இலை கொட்டும். இடம் மாற்றினாலும் கொட்டும். பயந்து தண்ணீரைக் கூட்டக் கூடாது, கிழக்கு ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டால் தானாகத் துளிர்க்கும். இலை நடுவில் மடிந்து உள்ளே கறுப்பாகப் பொடிப்பூச்சி இருந்தால் இலைப்பேன். அந்த இலைகளைக் கிள்ளி உறையில் கட்டி எறிந்துவிடுவேன், பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல். இந்த வகையில் பருத்த அடியின் மேல் சின்ன இலை ரகத்தின் கிளைகளை ஒட்டுப்போட்டிருப்பார்கள். அந்த ஒட்டுக்குக் கீழே பெரிய இலையோடு வரும் தளிர்களையும் விடாமல் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஒட்டிய சின்ன இலைக் கிளைகளை அவை அமுக்கிவிடும்.

மரத்துக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். இந்த மழையில் அந்த நார்த்தூளோடு வாங்கிப் போனால் பொங்கல் வரை தாங்குமா என்பதே சந்தேகம். என் மரத்தில் ஒரு கிளையை வெட்டிச் சல்லியில் பதித்து வேர்பிடிக்க வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறேன். பருத்த அடி அதற்கு வராது, விதையிலிருந்து வளர்த்தால்தான் அது. பரவாயில்லை என்றார்.