கல்லா, கரியா, மரபணுவா?

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய கற்காலக் கருவிகள் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கைக்கோடரியின் ஒரு முனை கூர், மறுமுனை உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி உருண்டை. இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்த தழும்புகள், ஒவ்வொன்றும் யாரோ கல்லைத் திருப்பிப் பிடித்து, இடம் பார்த்து அடித்த அடி. எழுத்துக்கு முந்தைய ஆட்களைத் தெரிந்துகொள்ள, கல், கரி, மரபணு மூன்றில் நம்ம ஊரைப் பொறுத்தவரை என் ஓட்டு கல்லுக்குத்தான்.

கரி மாதிரி, ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருள்களின் வயதைச் சொல்லும் கார்பன்-14 முறை பெயர் பெற்றது, சரி. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஈமத்தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு சுமார் 3,200 வயது என்று சொன்னது அதுதான். ஆனால் கரியோ எலும்போ தானியமோ வேண்டும், அப்புறம் 50,000 ஆண்டைத் தாண்டினால் கையை விரித்துவிடும்.

மரபணு சொல்வதைக் கல்லால் சொல்லவே முடியாது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு துண்டு விரல் எலும்பை வைத்தே, யாருக்கும் தெரியாத ஒரு மனித இனம் இருந்ததை 2010-ல் கண்டுபிடித்தார்கள். அங்கே குளிர். நம்ம வெயிலில் மரபணு சிதைந்துபோகிறது. ஹரியானாவில் உள்ள சிந்துவெளி ஊரான ராக்கிகடியில் அறுபதுக்கு மேல் மாதிரி எடுத்தும் ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் ஓரளவு தேறியது.

கல் சிதையாது. 1863-ல் பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியை எடுத்தார், அதே ஆண்டு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்தையும் கண்டார். வயது சொல்லத்தான் அன்று வழியில்லை. இப்போது உண்டு. வெளியில் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு கதிரியக்க அணுக்கள் உருவாகும். மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் அது நின்று, இரண்டும் வேறு வேறு வேகத்தில் குறையும். அந்த விகிதத்தைக் கணக்கிட்டு, தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அதிரம்பாக்கத்துக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் சொன்னார்கள். சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்தான்!

அங்கேயே 3,85,000 ஆண்டுக்கு முன் பெரிய கோடரிகள் குறைந்து சின்னச் சில்லுக் கருவிகள் வருகின்றன. பழைய ஆட்களே கைவேலையை மாற்றிக்கொண்டார்களா, புது ஆட்கள் வந்தார்களா? இங்கேதான் கல் வாயடைத்து நிற்கிறது, மனித எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை.